படிவத்தைக் கையில் கொடுக்காதீர்கள்! – வாசகர் கேள்வி பதில்

இந்தப் பக்கத்துக்கு வந்த கடிதங்களில் பாதி ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: புதிதாக ஆட வருகிறவருக்குக் கேரக்டர் உருவாக்க எப்படி உதவுவது? அதனால் இந்த முறை முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

முதல் தடவை படிக்கிறவர்களுக்காக இரண்டு வரி. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டுவந்த ஆட்டம். ஒருவர் கதையை நடத்துவார், அவர் பெயர் டிஎம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, "நான் இதைச் செய்கிறேன்" என்று சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடை தீர்த்து வைக்கும். அந்தப் பாத்திரத்தின் விவரமெல்லாம் எழுதிவைக்கிற தாள்தான் கேரக்டர் ஷீட். வம்பெல்லாம் அதில்தான்.

நான் 24 வருடம் தபால் நிலையக் கவுன்டரில் உட்கார்ந்துவிட்டு விருப்ப ஓய்வு வாங்கியவள். பெங்களூரிலிருந்து விடுமுறைக்கு வந்த அக்கா மகன் சொல்லிக் கொடுத்த ஆட்டம் இது. இப்போது மதுரையில் எங்கள் மொட்டை மாடியில் ஞாயிறு தவறாமல் நடக்கிறது.

அலுவலக நண்பர்கள் நாலு பேரை ஆசை காட்டி அழைத்து வந்தேன். புத்தகத்தைக் கொடுத்துக் கேரக்டர் செய்யச் சொன்னேன். மூன்றரை மணி நேரம் ஓடிவிட்டது. அன்று ஆட்டமே தொடங்கவில்லை. அடுத்த வாரம் இரண்டு பேர் வரவில்லை. எங்கே தப்பு?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

புத்தகத்தைக் கொடுத்த இடத்தில்தான். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிப் புத்தகத்தில் 9 இனங்கள், 12 கிளாஸ் (பாத்திரம் செய்கிற தொழில்), 13 பின்னணிகள். பெருக்கிப் பாருங்கள், 1,404 சேர்க்கைகள். அதற்குள் உட்பிரிவுகள் வேறு. எல்ஃப் என்றால் என்ன, வார்லாக் என்றால் என்ன என்றே தெரியாத மனிதரிடம் "உனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்" என்றால் அவர் என்ன செய்வார்? பக்கத்தைப் புரட்டுவார். டீ கேட்பார்.

கவுன்டரில் எனக்கு இது பழக்கமான காட்சி. மணியார்டர் படிவத்தைக் கையில் வாங்கிக்கொண்டு பெரியவர்கள் ஓரமாகப் போய் நிற்பார்கள். முன்னே திருப்புவார்கள், பின்னே திருப்புவார்கள். நன்றாக எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள்கூட அப்படித்தான் நிற்பார்கள். எந்தக் கட்டம் எதற்கு என்று தெரியாத படிவம் யாரையும் முட்டாளாக்கிவிடும். நான் படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு கேட்பேன்: "யாருக்கு அனுப்புறீங்க?" மகளுக்கு. "எந்த ஊரு?" சிவகாசி. "எவ்வளவு?" ஐந்நூறு. இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். கேரக்டர் ஷீட்டும் அதே சாதிப் படிவம்தான். பேனா உங்கள் கையில் இருக்கட்டும், வாய் அவருடையதாக இருக்கட்டும்.

நான் கேட்கிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "ஒரு வீடு. கதவு சாத்தியிருக்கு. உள்ளே யாரோ அழுகிற சத்தம். என்ன செய்வீங்க?" உதைத்துத் திறப்பேன் என்றால் ஃபைட்டர் அல்லது பார்பேரியன். பூட்டை நெம்புவேன் என்றால் ரோக். கதவைத் தட்டிப் பேச்சுக் கொடுப்பேன் என்றால் பார்ட். கொஞ்ச நேரம் மறைந்து நின்று பார்ப்பேன் என்றால் ரேஞ்சர். இதில் மந்திரத்துக்கு வழி இருக்கிறதா என்று எதிர்க்கேள்வி கேட்டால் விசார்ட். பன்னிரண்டிலிருந்து ஒன்றுக்கோ இரண்டுக்கோ வந்துவிட்டீர்கள். புத்தகத்தை இன்னும் திறக்கவே இல்லை.

எங்கள் அம்மாவுக்கு 74 வயது. நாங்கள் ஆடும்போது ஓரமாக உட்கார்ந்து பூண்டு உரிப்பார். ஒரு ஞாயிறு ஆள் குறைந்தது. சும்மா கேட்டுப் பார்த்தேன், அதே கதவுக் கேள்வி. அம்மா பூண்டிலிருந்து நிமிராமலே, "பக்கத்து வீட்டுல விசாரிப்பேன்" என்றார். என் பட்டியலிலேயே இல்லாத பதில்! நாலு பேரைப் பார்த்துப் பேசி, ஆள் எப்படி என்று கண்டுபிடிக்கிற குணம். நான் க்ளெரிக் என்று எழுதினேன். அதாவது தெய்வத்தின் பேரால் காயம் ஆற்றுகிறவர். பெயர் பேச்சியம்மா. பன்னிரண்டு மந்திரம் விளக்கி நான் அவரை ஓட விடவில்லை. முதல் நாளைக்கு இரண்டே இரண்டு சொன்னேன், காயம் ஆற்றுவது ஒன்று, வெளிச்சம் உண்டாக்குவது ஒன்று. மிச்சக் கட்டங்கள் காலியாகவே கிடந்தன. தேவை வரும்போது நிரப்பிக்கொண்டோம். தொடங்கி இருபது நிமிடத்தில் பேச்சியம்மா காப்ளின் என்கிற குட்டிப் பூதத்திடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

உங்கள் வராத இரண்டு பேருக்கும் போன் செய்யுங்கள். கதவுக் கேள்வியைப் போனிலேயே கேளுங்கள். வரும்போது ஷீட் பாதி நிரம்பி மேசையில் இருக்கட்டும்.

பகடை உருட்டி எண் எடுப்பதா, புத்தகத்தில் கொடுத்திருக்கிற எண்களையே வைத்துக்கொள்வதா? எங்கள் குழுவில் இதற்கே சண்டை.
– கல்லூரி மாணவி, திருச்சி

புதியவர் ஒருவர் இருந்தாலும் கொடுத்திருக்கிற எண்கள்தான். 15, 14, 13, 12, 10, 8. பலம், புத்தி மாதிரி ஷீட்டில் இருக்கிற ஆறு குணங்களுக்கு இவற்றைப் பிரித்துக் கொடுத்தால் முடிந்தது.

உருட்டுவதில் ருசி இருக்கிறது, மறுக்கவில்லை. சாதாரண ஆறு முகப் பகடை நாலை உருட்டி, சின்னதைத் தள்ளிவிட்டு மூன்றைக் கூட்டுவது வழக்கம். சராசரி 12-ஐக் கொஞ்சம் தாண்டும். மேலே சொன்ன ஆறு எண்களின் சராசரி சரியாக 12. ஆக, மொத்தத்தில் பெரிய லாபமில்லை. ஆனால் சராசரி என்பது கூட்டத்துக்குத்தான், ஆளுக்கு இல்லையே. நான் நடத்திய முதல் ஆட்டத்தில் ஒருவருக்கு 18, 16, 15 என்று கொட்டியது. பக்கத்தில் இருந்தவருக்கு 11-க்கு மேல் எதுவும் விழவில்லை. அவர் சிரித்துக்கொண்டேதான் ஆடினார். மூன்றாம் வாரம் வேலை இருக்கிறது என்றார். இன்னும் வேலை முடியவில்லை போல.

1974-இல் எப்படி என்றால் மூன்று பகடை, விழுந்த வரிசைப்படி எழுத வேண்டும். உனக்கு என்ன விழுந்ததோ அதை வைத்துத்தான் நீ யார் என்று முடிவாகும். தலையெழுத்து ஆட்டம். பழகியவர்களுக்கு அது அருமையாக இருக்கும்.

இன்னொன்று. அந்த 8-ஐப் பார்த்து யாரும் கலங்க வேண்டாம். ஷீட்டில் இருக்கிற எண்ணை இருபது முகப் பகடையில் விழுந்ததோடு அப்படியே கூட்டுவதில்லை. 10, 11 என்றால் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. அதிலிருந்து இரண்டு ஏறினால் ஒன்று கூடும், இறங்கினால் ஒன்று குறையும். 15 என்றால் கூட்டல் 2. 8 என்றால் கழித்தல் 1. இடைவெளி வெறும் 3. இருபது முறை உருட்டினால் மூன்று முறைக்குத்தான் வித்தியாசம் தெரியும். பேச்சியம்மாவுக்குப் பலம் 8. ஒரு தவலைத் தண்ணீரைத் தூக்கப் போய் அவள் பட்ட பாட்டை நாங்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறோம். 15 இருக்கிற குணத்தைப் பற்றி யாரும் எதுவும் பேசுவதில்லை.

எல்லோருமே ரோக்காக வர ஆசைப்படுகிறார்கள். என்ன செய்ய?
– டிஎம், சேலம்

வரட்டும். நாலு திருடர்கள் சேர்ந்தால் கொள்ளைக் கூட்டம், கதை தானாக நடக்கும். ஆளுக்கு ஒரு கிளாஸ் இருந்தே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

என் தம்பிக்கு ஒரு அருமையான கேரக்டரை நானே செய்து கொடுத்தேன். எல்லாம் கணக்குப் போட்டு, ஒரு புள்ளிகூட வீணாகாமல். அவனோ ஆட்டத்தின்போது போனையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.
– ஒரு அண்ணன், தஞ்சாவூர்

உங்கள் அளவுக்குச் சட்டை தைத்துத் தம்பிக்கு மாட்டிவிட்டிருக்கிறீர்கள். இந்தப் பாவத்தை நானும் செய்திருக்கிறேன். என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு, அவர் வருவதற்கு முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து ஒரு விசார்ட் செய்தேன். முதல் நிலை விசார்டின் மந்திரச் சுவடியில் ஆறு மந்திரங்கள், அது போக நினைத்தபோது போடுகிற சின்ன மந்திரங்கள் மூன்று. ஒவ்வொன்றுக்கும் பொடி எழுத்தில் விளக்கம். எனக்கே பெருமையாக இருந்தது. மனிதர் அன்று சாயங்காலம் முழுக்க, "மேடம், இப்ப நான் என்ன செய்யணும்?" என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்வேன், அவர் உருட்டுவார். அப்புறம் யோசித்தால், அன்று ஆடியது நான்தான். அவர் பகடை உருட்டும் ஆள்.

அடுத்த வாரம் ஷீட்டைக் கிழித்துவிட்டு ஃபைட்டராக்கினோம். கையில் கோடாலி, அடி பட்டால் ஒருமுறை மூச்சு வாங்கித் தேறிக்கொள்ளலாம், அவ்வளவுதான். கோடாலிக்கு அவரே ஒரு பெயர் வைத்தார். அதிலிருந்து என்னிடம் எதுவும் கேட்பதில்லை, நான் தடுத்தாலும் கேட்பதில்லை.

தம்பியிடம் ஷீட்டைக் கொடுத்து, "இதில் மூன்று விஷயத்தை உன் இஷ்டத்துக்கு மாற்று" என்று சொல்லுங்கள். அவன் மாற்றுவது முட்டாள்தனமாகத்தான் இருக்கும். வாயைத் திறக்காதீர்கள்.

என் அம்மாவும் சித்தியும் ஆட ஆசைப்படுகிறார்கள். ஆங்கிலம் வராது. ஷீட்டைத் தமிழில் எழுதினால் ஏதாவது தப்பா? சொற்கள் சொல்லுங்களேன்.
– ஒரு வாசகி, விருதுநகர்

தப்பே இல்லை. விதிகளின் அடிப்படைப் பகுதியை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டார்கள். எங்கிருந்து எடுத்தது என்று சொல்லிவிட்டால், மொழிபெயர்த்து வெளியிடக்கூட அனுமதி உண்டு. வீட்டு மேசைக்கு எழுதிக்கொள்வதற்குக் கேட்கவே வேண்டாம்.

சொற்கள்தான் என் ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்தன. ஆறு குணங்கள். முதலில் அகராதியை வைத்துக்கொண்டு வலிமை, செயல்திறன், உடற்கட்டு, நுண்ணறிவு, ஞானம், கவர்ச்சி என்று எழுதினேன். கவர்ச்சியைப் பார்த்ததும் அம்மா பேப்பரைத் தள்ளி வைத்துவிட்டார். "இந்த வயசுல எனக்கெதுக்கு இது?" ஞானம் என்றதும் எல்லோரும் தாடி வைத்த முனிவரை நினைத்தார்கள். அந்தக் குணம் ஆட்டத்தில் செய்கிற வேலையோ வேறு. புதரில் யாராவது ஒளிந்திருக்கிறார்களா, எதிரில் இருப்பவன் சொல்வது பொய்யா, இதையெல்லாம் அதை வைத்துத்தான் உருட்ட வேண்டும்.

வேலையைச் சொல்லிக் கேட்டேன். "ஏமாறாம, முன்னப் பின்னப் பாத்து நடந்துக்கிறதை என்னன்னு சொல்லுவே?" அம்மா ஒரு நொடிகூட எடுக்கவில்லை. "சூதானம்." தினமும் தெருமுனை வரை கத்துகிற வார்த்தை அல்லவா, "சூதானமாப் போ" என்று! எனக்குத்தான் தோன்றவில்லை. பார்த்ததும் ஒருவரைப் பிடித்துப்போகிறதே, சொன்னால் எடுபடுகிறதே, அது முகராசி. இப்படியே எங்கள் ஷீட் ஆனது: பலம், லாவகம், தெம்பு, புத்தி, சூதானம், முகராசி. இதன் பிறகு யாருக்கும் எதையும் இரண்டாவது தடவை விளக்கவில்லை.

ஃபைட்டர், ரோக், எல்ஃப் எல்லாம் அப்படியே இருக்கட்டும். எல்ஃபுக்குக் கந்தர்வர் என்று ஒருவர் யோசனை சொன்னார். வேண்டாம் என்றேன். அப்புறம் ஆளாளுக்குப் புராணம் பேச ஆரம்பித்துவிடுவார்கள். உங்கள் ஊரில் வேறு சொல் புழங்கினால் அதைப் போடுங்கள். அம்மாவிடமும் சித்தியிடமும் குணத்தின் பெயரைச் சொல்லாமல், அதன் வேலையைச் சொல்லிக் கேளுங்கள்.

இருபது முகப் பகடை எங்கள் ஊரில் கிடைக்கவில்லை. தாயக்கட்டையை வைத்துச் சமாளிக்கலாமா?
– பள்ளி மாணவர், காரைக்குடி

தாயக்கட்டை தாயத்துக்கு. 1 முதல் 20 வரை சீட்டு எழுதிச் சொம்பில் போட்டுக் குலுக்கி எடுங்கள், எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டுவிட வேண்டும். கேலி இல்லை. 1970களின் கடைசியில் பகடைத் தட்டுப்பாடு வந்தபோது இந்த ஆட்டத்தை விற்ற கம்பெனியே பெட்டிக்குள் பகடைக்குப் பதில் எண் போட்ட அட்டைச் சீட்டுகளை வைத்து விற்றிருக்கிறது.

ஒருவர் 11 பக்கத்துக்கு முன்கதை எழுதிக்கொண்டு வந்தார். இன்னொருவர் 'கொல்லன் மகன்' என்று இரண்டு சொல். யாரைத் திருத்துவது?
– டிஎம், திருநெல்வேலி

கொல்லன் மகனை விட்டுவிடுங்கள், நன்றாக வருவார். உலைக்களத்தில் வளர்ந்தவனுக்கு நெருப்பு பழக்கம், கை காய்த்திருக்கும், அப்பாவோடு ஏதோ ஒரு வருத்தம் இருக்கும். மிச்சம் ஆடும்போது வரும்.

11 பக்கக்காரரிடம்தான் பேச வேண்டியிருக்கிறது. அவருடைய ஆள் இருபது வயதுக்குள் இரண்டு டிராகனைக் கொன்று, ஒரு ராஜாவைக் காப்பாற்றி, துரோகத்தில் எல்லாவற்றையும் இழந்திருப்பான். சரியா? ஷீட் வேறு சொல்லும். முதல் நிலை விசார்டின் உயிர்ப்புள்ளி, அதாவது எவ்வளவு அடி தாங்குவான் என்கிற கணக்கு, 6, அதோடு தெம்புக்கான கூட்டல். தெம்பு 14 என்றால் மொத்தம் 8. 2014 விதிப்படி சாதாரண காப்ளின் ஒன்றின் வாள் வீச்சு அதிகபட்சம் 8. ஒரே வீச்சு, நம் டிராகன் கொல்லி தரையில் கிடப்பான். மனிதர் அழுதுவிடுவார்.

அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். யாருக்குக் கடன் பட்டிருக்கிறாய்? வீட்டில் உனக்காகக் காத்திருப்பது யார்? எதற்குப் பயம்? பதில் மூன்று வரி. 11 பக்கத்திலிருந்தே அவர் எடுத்துக் கொடுக்கலாம், மனசு நோகாது. இந்த மூன்று வரியும் உங்களுக்குத்தான் லாபம். கடன்காரன் அடுத்த ஊர்ச் சந்தையில் எதிரே வருவானே!

ஒரு சுவாரஸ்யம் சொல்கிறேன். 1977-இல் டிராவலர் என்று ஒரு விண்வெளி ஆட்டம் வந்தது. அதில் முன்கதையையும் பகடைதான் எழுதும். படையில் சேர்ந்து நாலு நாலு வருடமாகக் காலம் தள்ள வேண்டும், ஒவ்வொரு நாலு வருடத்துக்கும் பிழைத்தாயா என்று உருட்ட வேண்டும். சரியாக விழாவிட்டால் ஆட்டம் தொடங்கும் முன்பே ஆள் காலி, புதுத்தாள் எடு! 11 பக்கம் எழுதுகிறவருக்கு அதை ஒருமுறை ஆடக் காட்டலாம்.

என் கேரக்டர் தனி ஆள். யாரையும் நம்ப மாட்டான், யாரோடும் பேச மாட்டான். டிஎம் வேண்டாம் என்கிறார். ஏன்?
– ஒரு வாசகர், சென்னை

ஐந்து பேர் நாலு மணி நேரம் பேசுவதற்காகக் கூடுகிற மேசைக்குப் பேசாதவனை அழைத்து வந்தால் டிஎம் என்ன செய்வார், பாவம். வைத்துக்கொள்ளுங்கள், ஒரு திருத்தத்தோடு: அந்த நாலு பேரில் ஒருவரை மட்டும் நம்புவான். ஏன் என்று நீங்களும் அவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள்.

தயாராகச் செய்து வைத்த கேரக்டரைக் கொடுப்பது ஏமாற்று வேலை என்கிறார் நண்பர்.
– ஒரு வாசகி, ஈரோடு

2014-இல் வந்த தொடக்கப் பெட்டியிலேயே ஐந்து தயார் கேரக்டர்கள் இருந்தன, அதில் இரண்டு ஃபைட்டர்கள். பேச வெட்கப்படுகிறவருக்கு அதைவிட நல்ல வழி கிடையாது. பெயரை மட்டும் அவரே வைக்கட்டும். இரண்டு வாரம் ஆடிவிட்டு மாற்ற வேண்டும் என்றால் மாற்றிக்கொடுங்கள். நண்பரைக் கண்டுகொள்ளாதீர்கள்.

புதிதாக வந்த பெண்ணிடம், கதைக்கு உணர்ச்சி வேண்டும் என்று "உன் குடும்பமே தீயில் போய்விட்டதாக வைத்துக்கொள்" என்றேன். முகம் மாறிவிட்டது. அப்புறம் வரவே இல்லை. நான் என்ன செய்வது?
– டிஎம், திண்டுக்கல்

போன் செய்து மன்னிப்புக் கேளுங்கள். ஏன் முகம் மாறியது என்று மட்டும் கேட்காதீர்கள். அது அவர் விருப்பப்பட்டால் சொல்லிக்கொள்ளட்டும். வீட்டில் எல்லோரும் சௌக்கியமாக இருக்கிற கேரக்டர் செய்யலாம் என்று சொல்லுங்கள். வராவிட்டாலும் வருத்தப்பட வேண்டாம்.

இனிமேல் கேரக்டர் செய்யத் தொடங்கும் முன்பு ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுங்கள். கதையில் எது வரக்கூடாது என்று பெயர் போடாமல் எழுதி ஒரு சம்படத்தில் போட வேண்டும். டிஎம் மட்டும் படிப்பார், காரணம் கேட்க மாட்டார்.

எங்கள் வீட்டுச் சம்படத்தில் போன வருடம் ஒரு சீட்டு விழுந்தது. "பாம்பு வேண்டாம்." பெயர் இல்லாவிட்டால் என்ன, அந்த நடுங்கிய கையெழுத்து எனக்குத் தெரியாதா? நானோ மூன்று மாதக் கதையைப் பாம்புக் கோயிலைச் சுற்றியே எழுதி வைத்திருந்தேன். பூசாரிகள், சுரங்கம், நாகமணி எல்லாம். ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து மொத்தத்தையும் தேள் கோயிலாக மாற்றினேன். ஞாயிறு காலை பேச்சியம்மா உள்ளே நுழைந்தாள். சுவரிலிருந்து ஆளுயரத் தேள் ஒன்று இறங்கி வந்தது. எல்லோரும் பின்வாங்கினார்கள். அம்மா பூண்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "செருப்பால அடிக்கிறேன்" என்றார். பகடையில் 19 விழுந்தது.